லாரி ஓட்டிய பசு

பசு லாரி ஓட்டும் பக்கம் எங்கே என்று ஆர்டிஸ் ஹாகன் மூன்றாவது தடவையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

புத்தகம் மொத்தமே முப்பத்திரண்டு பக்கம். 'ஏரியைச் சுற்றிய பசு' என்று பெயர். ஒரு பழுப்புப் பசு காலையில் கொட்டிலை விட்டுக் கிளம்புகிறது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுகிறது. சாயங்காலம் கொட்டிலுக்குத் திரும்புகிறது. நடுவில் ஒரு வாத்தைப் பார்க்கிறது. வாத்தும் பசுவைப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. லாரி இல்லை. லாரி போவதற்கு ஒரு சாலைகூட அந்தப் புத்தகத்தில் வரையப்படவில்லை.

"கிடைச்சுதா?" என்றாள் ட்ரூடி போமன். நூலக மேசைக்கு அந்தப் பக்கம், தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். தொப்பியில் ஒட்டியிருந்த பனி உருகிப் புகார்ப் படிவத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லையே ட்ரூடி. எந்த இடத்துல வருது?"

"நடுவுல. அந்த வாத்துக்கு அப்புறம். சிவப்பு லாரி. பசு ஏறி உக்காருது, சாவியைத் திருப்புது. கன்னுக்குட்டிங்க மூணும் வாசல்ல நின்னு அம்மா அம்மான்னு கத்துதுங்க. அது திரும்பிக்கூடப் பாக்காம தெக்குப் பக்கமா ஓட்டிக்கிட்டுப் போயிடுது. ஒரு கையில காப்பி வேற."

"பசுவுக்கு ஏது கை?"

"அதைப் படம் போட்டவன்கிட்ட கேளு. பெத்த தாய் புள்ளைங்களை விட்டுட்டுப் போற கதையை எதுக்கு ஆறு வயசுப் பையனுக்குக் குடுக்கறேன்னு நான் உன்கிட்ட கேக்கறேன்."

ட்ரூடிக்குப் பிள்ளைகள் மூன்று. பத்தொன்பது வருஷமாக மின்டன் லேக் ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். ஆர்டிஸும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது ஆர்டிஸுக்குத் தெரியும். படிவத்தில் 'புத்தகம் முழுவதையும் படித்தீர்களா?' என்ற கேள்விக்கு நேராக, ஆம் என்ற கட்டத்தில், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி டிக் அடித்திருந்தாள்.

ஆர்டிஸ் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். கொட்டில். புல். ஏரி. ஏரி. வாத்து. நாணல். ஏரி. சேறு. ஏரி. கொட்டில்.

ட்ரூடி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து ஆர்டிஸைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டியா?"

"நான் எதுக்குக் கிழிக்கப் போறேன்?"

"நான் வர்றேன்னு தெரிஞ்சு. நாம சின்ன வயசுலேர்ந்து சிநேகிதம் ஆர்டிஸ். எனக்கு நீ இப்படிப் பண்ணியிருக்க வேண்டாம்."

மறுநாள் பள்ளிப் பேருந்து நின்ற இடத்தில் எல்லாம், நூலகத்தில் பக்கங்களைக் கிழித்துவிட்டுத்தான் பெற்றோருக்குக் காட்டுகிறார்கள் என்ற செய்தியும் நின்று நின்று போயிற்று.

ஆர்டிஸுக்கு வயது ஐம்பத்து நாலு. குழந்தைகள் பகுதியில் முப்பது வருஷம். கட்டடத்தின் பின்பக்கத்து அறை அது; ஒரு பெரிய சன்னல், அதற்கு வெளியே ஏரி. நவம்பர் கடைசியில் உறைந்தால் ஏப்ரல் வரைக்கும் அது ஏரியாக இருக்காது. வெள்ளையாக, சத்தமில்லாமல், யாரோ எழுத மறந்த தாள்போலக் கிடக்கும். மதியம் பள்ளிக்கூடம் விடும்வரை அவளும் அந்த வெள்ளையும் மட்டும்தான். எத்தனையோ நாள், கையில் ஏதாவது ஒரு படப் புத்தகம் விரிந்திருக்க, மூன்று மணி ஆனது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பேச்சை வளரவிடக் கூடாது என்று, பக்கத்து ஊர் நூலகத்திலிருந்து அதே புத்தகத்தின் இன்னொரு பிரதியை வரவழைத்தாள். அதிலும் பசு நடந்துதான் போயிற்று. இரண்டையும் வாசலருகே ஒரு மேசையில் வைத்து, அட்டையில் எழுதி நிறுத்தினாள்: 'பெற்றோர்களே, வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். படுக்கும் நேரத்தில் உங்கள் பிள்ளையுடன் சேர்ந்து நீங்களே வாசித்துப் பாருங்கள்.'

அதுதான் அவள் செய்த பெரிய தப்பு.

முதலில் வந்தவர் பல் மருத்துவர் வெண்டல் க்ரூஸ். ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர். அதனால் யாரிடமும் அதிகம் பேசமாட்டார். புத்தகத்தை ஒரு விரலால் மேசைமேல் தள்ளினார்.

"லாரி எல்லாம் ஒண்ணும் இல்ல ஆர்டிஸ். ட்ரூடி சும்மா பேசறா."

ஆர்டிஸுக்கு உயிர் வந்தது. "நானும் அதைத்தான் சொல்றேன் டாக்டர்."

"ஆனா அந்தப் பாட்டுக் கச்சேரி தேவையில்லாதது."

"எந்தக் கச்சேரி?"

"வாத்து போனதுக்கு அப்புறம். பெரிய அரங்கம். பசு இறகு வெச்ச கவுன் போட்டுக்கிட்டு மேடையில நின்னு பாடுது. ரெண்டாயிரம் பேர் எழுந்து நின்னு கை தட்டறாங்க. பூவா வந்து விழுது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குரல் இருந்தா போதும்னு நம்பிக் கெட்டுப்போனவங்க நிறைய பேர். பிள்ளைங்க மனசுல அந்த ஆசையை விதைக்கக் கூடாது. அந்தக் கைதட்டல் இருக்கே, அது காதுலேர்ந்து லேசுல போகாது."

அவரும் ஆம் கட்டத்தில் டிக் அடித்திருந்தார்.

அதற்கப்புறம் வாரத்துக்கு நாலு படிவம் வர ஆரம்பித்தது. இரட்டைப் பிள்ளை பெற்ற ஒரு தாய், பசு ஒரு ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு, கதவைத் தாழிட்டுவிட்டு, மூன்று நாள் யாரோடும் பேசாமல் படுத்திருப்பதாகவும், அது குடும்பப் பொறுப்புக்கு விரோதமானது என்றும் எழுதியிருந்தாள். 'மெத்தை அவ்வளவு மிருதுவாக இருக்கத் தேவையில்லை' என்று தனியாக ஒரு வரி வேறு. சீஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவர், பசு மேலதிகாரியின் அறைக்குள் போய் மேசைமேல் சாணி போட்டுவிட்டு நிதானமாக வெளியே வருவதை ஆட்சேபித்திருந்தார். ஆட்சேபணை ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் மேலதிகாரியின் முகம் போன போக்கைப் பற்றியது.

ஆர்டிஸ் ஒவ்வொரு படிவம் வந்தபோதும் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கொட்டில். புல். ஏரி. ஒரு கட்டத்தில், தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தாள். ஊரே சேர்ந்து தன்னைக் கிண்டல் செய்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு, வெண்டல் க்ரூஸ் கிண்டல் செய்து யாரும் பார்த்ததில்லை என்பது ஞாபகம் வந்தது. அப்படியானால் தன் கண்ணில்தான் ஏதோ கோளாறா?

பிப்ரவரி மாதத்தின் ஒரு மதியம், எம்மெட் சோரன் வந்தார்.

ஊராட்சியின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுபவர். விடியுமுன் எழுந்து, ஊர் எழுவதற்குள் தெருக்களைத் திறந்துவைத்துவிட்டுப் போகிறவர். போன வசந்தத்தில் மனைவி இறந்துபோனாள். அதிலிருந்து அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, ஆளே பாதியாகியிருந்தார். ஒரே மகள் மேவிஸ், எட்டு வயது. வாரம் தவறாமல் வருவாள். அந்தப் பசுப் புத்தகத்தைப் பதினோரு தடவை எடுத்துப் போயிருந்தாள். அதில் ஆர்டிஸுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

எம்மெட் உட்காரவில்லை. குல்லாயைக் கையில் பிசைந்துகொண்டே நின்றார்.

"படிவம் எல்லாம் வேண்டாங்க மிஸ் ஹாகன். சண்டை போட வரல. ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன்."

"சொல்லுங்க எம்மெட்."

"அந்தப் பசு ஏரிக்கு அந்தப் பக்கம் போகுது பாருங்க. அங்க ஒரு வீடு. விளக்கு எரியுது. பசு கதவைத் தட்டுது. தொறக்கறது யாருன்னா, அதோட ஜோடி. செத்துப்போன ஜோடி. 'ஏன் இவ்வளவு நேரம்'னு கேக்குது." அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க, குறை சொல்லல. ஆனா மேவிஸ் அதை நம்பிட்டா? அவ அம்மா ஏரிக்கு அந்தக் கரையில இருக்கான்னு நெனச்சுட்டா? ஏரி உறைஞ்சு கெடக்குங்க. எட்டு வயசுப் புள்ள நடந்தே போயிடலாம். நடுவுல ஐஸ் எங்க மெலிசா இருக்குன்னு எனக்கே தெரியாது."

ஆர்டிஸால் அந்தப் பக்கம் எங்கே என்று கேட்க முடியவில்லை. கேட்டிருக்கலாம். ஆனால் அந்த மனிதரின் கையிலிருந்த குல்லாயைப் பார்த்தபோது வாய் வரவில்லை.

"நான் பாத்துக்கறேன் எம்மெட்," என்றாள். அவர் போனதும் இரண்டு பிரதிகளையும் எடுத்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலையில் நூலகக் குழுத் தலைவர் லைல் ப்ரூவிட் வந்துவிட்டார். இரும்புச் சாமான் கடைக்காரர். எதையும் ஒரு ஆணிபோல நேராக அடிப்பவர்.

"பூட்டி வெச்சுட்டியாமே?"

"ஒரு குழந்தையோட பாதுகாப்பு விஷயம் லைல்."

"நாலு வாரமா அதுல ஒண்ணுமே இல்லேன்னு ஊரெல்லாம் சொன்னே. இப்ப நீயே பூட்டிட்டே. அப்ப அதுல ஏதோ இருக்குன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆச்சே. இனிமே குழந்தைங்க புத்தகம் எதை வாங்கறது, எதை வைக்கறதுங்கறதைக் குழுவே பாத்துக்கட்டும்னு ரெண்டு பேர் கேக்கறாங்க. எனக்கு இஷ்டமில்ல. ஆனா கேக்கறாங்க."

முப்பது வருஷம் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்த அறை அது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பொது விசாரணை," என்றார் லைல். "அதுக்குள்ள குழுவுல அஞ்சு பேரும் படிச்சிருக்கணும். ரெண்டு பிரதியையும் எடு."

"நீங்களாவது பகல்ல, வெளிச்சத்துல, ஒழுங்கா படிங்க லைல்."

"கடையை யார் பாக்கறது? படுக்கப் போறப்ப பேரப்பையனுக்குப் படிச்சுக் காட்டற சாக்குல முடிச்சுடறேன்."

மூன்று நாள் கழித்து லைல் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"லாரி இல்ல. கச்சேரி இல்ல. அதை நான் சபையிலயே சொல்லுவேன்."

"நன்றி லைல்."

"ஆனா அந்தப் பசு கடையை வித்தது தப்பு. தாத்தா காலத்துக் கடை. அதை வித்துட்டுப் படகு வாங்கிக்கிட்டுப் போயிடுது. நல்ல படகு. முப்பதடி இருக்கும். தேக்கு. தளத்துல வெறுங்காலோட நின்னா சூடு இதமா ஏறும் பாரு."

ஆர்டிஸ் தொலைபேசியை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். உச்சி வேளை. புத்தகத்தில் பசு போகும் வழியிலேயே, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவது என்று கிளம்பினாள்.

பனி விழுந்துகொண்டிருந்தது. காற்றில்லாததால் நேராக, அவசரமில்லாமல், யாரோ மேலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே வைப்பதுபோல விழுந்தது. ஐஸ்மேல் மீன் பிடிப்பவர்களின் குடில்கள் தூரத்தில் தீப்பெட்டிகளாகத் தெரிந்தன. அவள் நடந்தாள். காலடிச் சத்தம் முன்னால் போய்க் காத்திருப்பதுபோல இருந்தது. நாணல்கள் பனியைச் சுமந்துகொண்டு தலை சாய்ந்திருந்தன. அரை வழியில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தாள். விளக்கு எரியும் வீடு ஏதும் இல்லை. வெள்ளைக்குள் வெள்ளையாகத் தண்ணீர்த் தொட்டி மட்டும் நின்றது.

ஊரில் எல்லாருக்கும் ஏதோ ஒன்று தெரிகிறது, தனக்கு மட்டும் புல்லும் சேறும்தான் தெரிகிறது என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒரு பொறாமைதான் வந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று அவளைக் கேட்பதற்கு எந்தக் கரையிலும் யாருமில்லை. ஒருவேளை அதனால்தான் அந்தப் பக்கம் அவளுக்கு மட்டும் தெரியவில்லையோ என்னவோ. ஏரியை முழுதாகச் சுற்றி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கால் விரல்கள் மரத்துப்போனதுதான் மிச்சம்.

விசாரணையன்று சச்சரவு வேண்டாம் என்று ஆர்டிஸ் ஒரு யோசனை செய்தாள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரச் சொல்லி, சாப்பிட்ட பிறகு கூட்டம் என்று வைத்துவிட்டாள். வயிறு நிறைந்தவர்கள் கத்த மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட பெரிய பாத்திரங்கள் ஏழு வந்தன. சீஸ் ஊற்றிய மக்ரோனி நாலு. வெண்டல் க்ரூஸ்கூட, தொழிலுக்கு விரோதமாக, சாக்லெட் கேக் கொண்டுவந்திருந்தார். அறுபது பேரும் இரண்டு தடவை தட்டை நிரப்பிக்கொண்டார்கள். கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனுக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான், ஒன்று பனிக்கட்டி, இல்லாவிட்டால் அடுப்பு. அன்றைக்கு அடுப்பு. கோட்டுகள் எல்லாம் நாற்காலி முதுகுக்குப் போயின.

லைல் மேசையைத் தட்டினார். "புகார் கொடுத்தவங்க ஒவ்வொருத்தரா பேசலாம்."

ட்ரூடி லாரியைப் பற்றிப் பேசினாள். வெண்டல் லாரி கிடையாது, கச்சேரிதான் என்றார். இரட்டைப் பிள்ளைக்காரி, இரண்டும் கிடையாது, ஓட்டல்தான் என்றாள். சீஸ் தொழிற்சாலைக்காரர் எழுந்து, தன் மேலதிகாரி இரண்டாவது வரிசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, உட்கார்ந்துகொண்டார்.

"நீ படிக்கவே இல்ல," என்றாள் ட்ரூடி.

"நீங்கதான் படிக்கல. பசு பாடறதை எப்படி ஒருத்தர் தவற விட முடியும்?"

"கொஞ்சம் இருங்க," என்று ஆர்டிஸ் எழுந்தாள். "எதுக்கு வாக்குவாதம்? நானே படிக்கிறேன். முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும். எல்லாரும் ஒண்ணா கேளுங்க. அதுக்கப்புறம் ஓட்டுப் போடுங்க."

யாரும் மறுக்கவில்லை. அவள் வாசிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அந்தக் கண்ணாடியில் எழுத்து பளிச்சென்று தெரியும். அதற்கப்பால் உலகம் பஞ்சு மூட்டை.

"பசு நடந்தது," என்று தொடங்கினாள். முப்பது வருஷம் குழந்தைகளுக்குக் கதை வாசித்த குரல். "மெல்ல நடந்தது. ஏரி அங்கேயே இருந்தது. பசு இன்னும் மெல்ல நடந்தது. புல் ஈரமாக இருந்தது. ஏரியும் ஈரமாக இருந்தது. பசு நின்றது. அப்புறம் நடந்தது."

சன்னலில் வெயில் வந்து விழுந்திருந்தது; ஏரியின் வெள்ளை வெளிச்சம் கூரையில் படிந்திருந்தது. பக்கம் புரண்டது. வாத்து வந்தது. வாத்து பசுவைப் பார்த்தது. அறையில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை. யாரும் இருமவில்லை. பிப்ரவரி மாதத்தில் மின்டன் லேக்கில் அறுபது பேர் இருமாமல் இருப்பதை ஆர்டிஸ் வாழ்நாளில் கேட்டதில்லை. கரையில் அலை வந்து வந்து போவதுபோல ஒரு மெல்லிய ஓசை மட்டும் எங்கிருந்தோ வந்தது. இவ்வளவு ஆழமாக எந்தக் குழந்தையும் அவள் கதையைக் கேட்டதில்லை. இன்னும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு வாசித்தாள். நாணலிடம் போனாள், சேற்றைக் கடந்தாள், கொட்டிலுக்கு வந்து சேர்ந்தாள்.

"பசு படுத்தது. ஏரி அங்கேயே இருந்தது."

புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

அறை முழுக்க ஒரே சமயத்தில் குலுங்கியது. யாரோ கை தட்டினார்கள். ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றினாள். எல்லாரும் முகம் சிவந்து, கண்ணெல்லாம் நனைந்தாற்போல, எங்கோ வெகு தூரம் போய்விட்டு வந்தவர்கள்போல இருந்தார்கள்.

"இப்பவாவது நம்பறீங்களா?" என்றாள்.

"நம்பறேன்," என்றாள் ட்ரூடி. அவள் குரலில் காரமே இல்லை. "உன் வாயாலேயே படிச்சுட்டியே, லாரியை."

"நான் எங்க லாரி படிச்சேன்?"

"ஆனா முன்னாடி மாதிரி இல்ல. இன்னிக்குப் பசு லாரியைத் திருப்பிக்கிட்டு வந்து கன்னுக்குட்டிங்களையும் ஏத்திக்குச்சு. மூணும் சன்னல் வழியா தலையை நீட்டிக்கிட்டுப் போச்சுங்க." ட்ரூடி மூக்கை உறிஞ்சினாள். "இப்படி இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல."

"கச்சேரி முடிஞ்சதும் பசு வீட்டுக்கு வந்துடுது," என்றார் வெண்டல், தன் கேக்கைப் பார்த்தபடி. "அதைக் கவனிக்காம எழுதிட்டேன். எனக்கும் ஆட்சேபணை இல்ல."

ஆர்டிஸ் மூடிய புத்தகத்தை மறுபடி திறந்து பார்த்தாள். தனக்குத்தான் பைத்தியம் பிடித்துவிட்டது என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது.

கடைசி வரிசையில், மேவிஸுக்குப் பக்கத்திலிருந்து, எம்மெட் சோரன் எழுந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும் என் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேங்க," என்றார். "கதவு தொறக்குது. ஆனா உள்ள வான்னு கூப்பிடல. 'போ, வீட்ல புள்ள தனியா இருக்கும்'னு சொல்லித் திருப்பி அனுப்பிடுது. அதை நான் இவ்வளவு நாள் கேட்டதே இல்ல. இது குழந்தைங்க கேக்கலாம்." அவர் உட்கார்ந்தார்.

லைல் தொண்டையைச் செருமினார். குழுவில் ஐந்து பேரும் கை தூக்கினார்கள். புத்தகம் நூலகத்திலேயே இருக்கட்டும், தேர்ந்தெடுக்கும் வேலையும் ஆர்டிஸிடமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அவள் பெருமூச்சு விடுவதற்குள் லைல் தொடர்ந்தார்.

"ஆனா விஷயம் ஆழமானது. ஒரு தடவை படிச்சா பத்தாது. அதனால குழு உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பரிசீலிக்கணும். முதல் வாரம் நான்."

"புகார் கொடுத்தவங்களுக்கு முறை கிடையாதா?" என்றாள் இரட்டைப் பிள்ளைக்காரி, பாதி எழுந்து.

"அவங்களுக்கும் உண்டு."

"எனக்கு ரெண்டு வாரம் வேணும்," என்றாள் அவள்.

பத்து நிமிஷத்தில் ஒரு தாள் நிரம்பிவிட்டது. இரண்டு பிரதிகளுக்கும் ஜூன் மாதம் வரைக்கும் ஆள் இருந்தது. குழந்தைகளின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

கூட்டம் கலைந்தது. ஆர்டிஸ் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மேவிஸ் கோட்டுக்குள் கையை நுழைத்தபடி வந்து நின்றாள். சன்னலுக்கு வெளியே அவள் அப்பா வண்டிக் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோ கண்ணு," என்றாள் ஆர்டிஸ். "உனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம். கோடைக்காலம் வரைக்கும் உன் கைக்கு வராது போலிருக்கு."

"எனக்கு அது பிடிக்காது மிஸ்."

"என்னது?"

"எங்க கிளாஸ்ல யாருக்குமே பிடிக்காது. ஒரே போர். நடக்குது, நடக்குது, நடந்துக்கிட்டே இருக்கு."

ஆர்டிஸ் குழந்தைகள் உட்காரும் சின்ன நாற்காலி ஒன்றில் மெல்ல உட்கார்ந்தாள். முகமும் முகமும் ஒரே உயரத்துக்கு வந்தன.

"அப்புறம் ஏன் பதினோரு தடவை எடுத்துட்டுப் போனே?"

மேவிஸ் ஒரு தடவை சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டு முடித்தாள்.

"பெரியவங்க யாரும் அதைப் பாதிக்கு மேல படிச்சதே இல்ல மிஸ், அதுக்குள்ள தூங்கிடுவாங்க, இன்னிக்கும் எல்லாரும் தூங்கினாங்களே, மிச்சம் எல்லாம் அவங்க கனவு," என்றாள், "எங்க அப்பாவுக்கு அம்மா போனதுக்கு அப்புறம் தூக்கமே கிடையாது, அந்தப் பசு நடந்தா மட்டும்தான் தூங்குவார், தூங்கிக்கிட்டே சிரிப்பார்."